என் வீட்டுக் கணினிக்கு ஏன் ரீஃபைண்ட்

ஒரே கணினியில் பல இயங்குதளங்கள் வைத்திருப்பவர்கள், கணினி எழும்போது எதை ஏற்றுவது என்று கேட்கும் நிரலான பூட் மேனேஜரைப் பற்றிப் பேசினால் பேச்சு சீக்கிரமே தீம், படம், வேகம் என்று போய்விடும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வட்டில் இந்த நிமிடம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறதா, முன்பு எப்போதோ எழுதிவைத்த பட்டியலை அப்படியே எடுத்துக் காட்டுகிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் போதும், எனக்குத் தேர்வு முடிந்த மாதிரிதான். அப்படி நான் தேர்ந்த பூட் மேனேஜர்தான் ரீஃபைண்ட்.

என் தேவையை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கூடத்தின் மூலையில் இருக்கும் மேசைக் கணினியில்தான் என் தொழில் நடக்கிறது. கோயில் கும்பாபிஷேக மலர், சங்கத்தின் ஆண்டுவிழா மலர், கவிதைத் தொகுப்பு, கல்யாணப் பத்திரிகை என்று தமிழில் பக்கம் கட்டும் வேலை. அதில் விண்டோஸ் 11, டெபியன், ஃபெடோரா (இவை இரண்டும் லினக்ஸ் வகைகள்), பழைய விண்டோஸ் 10 என நான்கு இருக்கின்றன. பக்க வடிவமைப்பு மென்பொருள் விண்டோஸ் 11இல். மகளும் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒப்படைப்புகளுக்கு அதையேதான் பயன்படுத்துகிறாள். மின்னஞ்சல், கணக்கு, எழுத்துரு சோதனை, கோப்பு மாற்றும் நிரல்கள் எல்லாம் டெபியனில். புதிய எழுத்துரு ஒன்று புதிய மென்பொருளில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஃபெடோரா.

விண்டோஸ் 10 எதற்கு என்று கேட்பீர்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டிய புத்தகங்களை மறுபதிப்புக்காக இன்னும் கொண்டுவருகிறார்கள். தமிழைக் கணினியில் எப்படி வைப்பது என்று உலகெங்கும் இருந்து வந்தவர்கள் 1997இல் இங்கே சிங்கப்பூரில்தான் கூடிப் பேசினார்கள். 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற குறியாக்கங்கள் வந்தன. அவை போக, மென்பொருளுக்கு ஒரு குறியாக்கம் என்று தனித்தனியே ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கோப்புகளைச் சரியாகத் திறக்கும் பழைய நிரல் ஒன்று என்னிடம் விண்டோஸ் 10இல் மட்டும்தான் ஒழுங்காக ஓடுகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் அதற்கு இணையத் தொடர்பே கொடுப்பதில்லை. ஆனால் அதை அழிக்கவும் முடியாது. ஒருவர் முப்பது வருடம் எழுதியது அதன் வழியாகத்தான் மீண்டும் அச்சுக்கு வருகிறது.

ஆக, நான்கும் வேண்டும். நான்கும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கவும் வேண்டும்.

பயாஸ் என்ற பழைய மதர்போர்டு நிரலின் காலத்தில் வட்டின் முதல் செக்டர், அதாவது முதல் துண்டு, 512 பைட். அதில் துவக்க நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்தான். மிச்சத்தில் பார்ட்டிஷன் (வட்டைப் பிரித்த பகுதிகள்) அட்டவணைக்கு 64, துவக்க அடையாளக் கையெழுத்துக்கு 2. அந்த ஒரே இடத்துக்குத்தான் எல்லா இயங்குதளமும் போட்டி போடும், கடைசியாக நிறுவியது முந்தியதை அழித்துவிடும். லைலோ அந்தக் காலத்து லினக்ஸ் துவக்க நிரல். லினக்ஸின் மையக் கோப்பான கெர்னல் வட்டில் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்று ஒருமுறை குறித்து வைத்துக்கொள்ளும். கெர்னலை மாற்றினால் லைலோவை மறுபடி ஓட்ட வேண்டும், ஓட்டாவிட்டால் கணினி எழாது. அடுத்த துவக்க நிரலான கிரப் வந்தபோது நிம்மதி வந்ததற்குக் காரணம் அது கோப்பு அமைப்பையே படிக்கும் என்பதுதான். கெர்னலைப் பெயர் சொல்லித் தேடி எடுக்கும். லைலோவின் மேம்பாடு 2015 முடிவோடு நின்றுபோனது. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை, எத்தனையோ பேர் லினக்ஸுக்குள் நுழைந்தது அதன் வழியாகத்தான்.

பயாஸின் இடத்துக்கு யூஇஎஃப்ஐ வந்த பிறகு கதையே மாறிவிட்டது. வட்டில் இஎஸ்பி என்று ஒரு சிறிய ஃபேட்32 பார்ட்டிஷன் இருக்கும். அதற்குள் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒரு கோப்புறை, டெபியனுக்கு ஒன்று, ஃபெடோராவுக்கு ஒன்று. நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் தபால்பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு பெட்டி, அவரவர் பெட்டியில் அவரவர் கடிதம். எந்தப் பெட்டியை முதலில் திறப்பது என்ற வரிசை மட்டும் மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் ஒன்று விளங்கும்: யூஇஎஃப்ஐ கணினியில் பூட் மேனேஜர் ஏற்கனவே இருக்கிறது. கணினி எழும்போது எஃப்8, எஃப்11, எஃப்12 என்று போர்டுக்கு ஏற்ற விசையைத் தட்டினால் பட்டியல் வரும். மாதம் ஒருமுறை மட்டும் இன்னொரு இயங்குதளத்துக்குப் போகிறவருக்கு இதுவே தாராளம், எதையும் நிறுவ வேண்டாம். எங்கள் வீட்டில் சரிப்படாது. சரியான நொடியில் விசையைத் தட்ட வேண்டும், அதோடு பட்டியலில் வட்டின் மாடல் எண்ணும் ஏதேதோ எழுத்தும்தான் தெரியும்.

பெரும்பாலானோருக்கு அடுத்த தேர்வு கிரப். லினக்ஸ் நிறுவும்போது தானாகவே வந்து உட்கார்ந்துவிடும். ஒரு விண்டோஸ், ஒரு லினக்ஸ் என்றால் நன்றாகவே வேலை செய்யும். இரண்டு லினக்ஸ் வந்தால்தான் சிக்கல். டெபியனின் கிரப், ஓஎஸ்-ப்ரோபர் என்ற துணை நிரலை வைத்து மற்ற பார்ட்டிஷன்களைத் துழாவி, ஃபெடோராவின் கெர்னல் வரிகளைத் தன் கோப்பில் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு ஃபெடோரா தன் கெர்னலைப் புதுப்பிக்கும். ஃபெடோராவில் அது அடிக்கடி நடக்கும். டெபியனுக்கு அந்தச் சேதி போகாது. டெபியனுக்குள் போய் கிரப்பைப் புதுப்பிக்கும் வரை மெனுவில் பழைய கெர்னல்தான் நிற்கும். ஃபெடோரா அந்தப் பழைய கெர்னலை அழித்துவிட்டிருந்தால், மெனுவில் இருக்கும் வரிக்கு வட்டில் கோப்பே இருக்காது. லைலோவிடம் நமக்கு இருந்த அதே தொந்தரவு, வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது! மேலும், 2021இல் வந்த கிரப் 2.06 முதல் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. ரூட் என்ற முழு நிர்வாக உரிமையோடு எல்லா பார்ட்டிஷனையும் திறந்து பார்ப்பது பாதுகாப்பு இல்லை என்பது காரணம், நியாயமான காரணம்தான். வேண்டுமென்றால் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து இயக்கிக்கொள்ளலாம். ஆனால் நான்கு இயங்குதளத்தின் வாசலை அவற்றில் ஒன்றின் கையில் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு டெபியனை அழித்துவிட்டு வேறு போட்டால், மற்ற மூன்றுக்கும் வழி சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

சிஸ்டம்டி-பூட்டையும் பார்த்தேன். கம்மிபூட் என்ற பெயரில் தொடங்கி 2015இல், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குள் வந்தது. எளிமையில் அதற்கு ஈடு இல்லை. ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் நாலு வரியில் ஒரு உரைக்கோப்பு, அவ்வளவுதான். படிக்கவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் கெர்னலும், அதோடு சேர்ந்து ஏறும் தொடக்கக் கோப்பான இனிட்ரேமும் இஎஸ்பியில், அல்லது அதற்கென்றே ஒதுக்கிய இன்னொரு பார்ட்டிஷனில் இருக்க வேண்டும். விண்டோஸ் நிறுவும்போது உருவாக்கும் இஎஸ்பி வழக்கமாக 100 மெகாபைட். இரண்டு லினக்ஸின் கெர்னல்களும், அவற்றின் பழைய பதிப்புகளும் அதில் எங்கே அடங்கும்? முதலிலேயே பெரிய இஎஸ்பி வைத்துப் புதிதாகக் கணினி அமைப்பவருக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன்.

விண்டோஸின் சொந்த பூட் மேனேஜரால் இரண்டு விண்டோஸ்களை நிர்வகிக்க முடியும். லினக்ஸுக்கு அது பயன்படாது. நீல நிற மெனு வருமே, அது வருவதற்கு முன்பே இயல்பான விண்டோஸைப் பாதி ஏற்றிவிடும். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் கணினி மறுபடி தொடக்கத்திலிருந்து எழ வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை.

கடைசியில் ரீஃபைண்ட். ராடெரிக் ஸ்மித் என்பவர், ரீஃபிட் என்ற பழைய திட்டத்தை எடுத்து 2012இல் தொடங்கியது. எந்த இயங்குதளத்துக்கும் சொந்தமில்லை. இஎஸ்பியில் தனக்கென்று ஒரு கோப்புறை. கணினி எழும் ஒவ்வொரு தடவையும் வட்டுகளைப் பார்த்து, ஏற்றக்கூடியது என்னென்ன இருக்கிறது என்று அப்போதே கண்டுபிடித்து ஐகான்களாக வரிசைப்படுத்திவிடும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பைப் படிக்கும் டிரைவரைத் தன்னோடு வைத்திருப்பதால் டெபியனின் பூட் கோப்புறைக்குள்ளேயே போய் கெர்னலைப் பார்க்கும், பதிப்பு எண்ணை வைத்து அதற்குரிய இனிட்ரேமையும் சேர்த்துக்கொள்ளும். 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலை யூஇஎஃப்ஐ நிரலாகவே நேரடியாக ஓட்டலாம் என்பதால்தான் இது முடிகிறது. புதுக் கெர்னல் வந்தால் அடுத்த முறை எழும்போதே அது மெனுவில் இருக்கும். அழித்தால் அதுவும் மறைந்துவிடும். யாரும் யாருக்கும் சேதி சொல்ல வேண்டியதில்லை. பல கெர்னல்கள் இருந்தாலும் ஒரே ஐகானில் மடித்து வைக்கும், பழையது வேண்டுமானால் எஃப்2 தட்டினால் விரியும்.

சந்தேகம் இருந்தால் நிறுவ வேண்டாம். யூஎஸ்பி குச்சியில் எழுதிக்கொள்ள அவர்களே ஒரு வட்டுப் படிமம் தருகிறார்கள். நம்பகமான கையொப்பம் இல்லாத துவக்க நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, குச்சியிலிருந்து எழுப்பி, உங்கள் இயங்குதளங்கள் எல்லாம் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அந்தக் குச்சியை நான் மேசை இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன். என்றைக்காவது மதர்போர்டு தன் வரிசையை மறந்துவிட்டால் அது உதவும்.

இரண்டு விண்டோஸும் மெனுவில் ஒரே ஐகானோடு வந்து நின்றன. பெயரைக் கொண்டும் பிரிக்க முடியவில்லை. ரீஃபைண்டின் எழுத்துரு அடிப்படை ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமான படக்கோப்பு, தமிழ் எழுத அதில் வழியே இல்லை. ஆனால் ஐகானில் என்ன வேண்டுமானாலும் வரையலாமே! துவக்கக் கோப்பு இருக்கும் அதே கோப்புறையில், அதே பெயரில், பிஎன்ஜி பின்னொட்டோடு ஒரு படத்தை வைத்தால் ரீஃபைண்ட் அதை எடுத்துக்கொள்ளும். பெரிய ஐகானின் இயல்பு அளவு 128க்கு 128 பிக்சல். பழைய விண்டோஸ் 10க்குக் காவி நிறக் கட்டத்தில் வெள்ளையாக ஒரு ‘அ’ வரைந்தேன். அந்தச் சின்ன அளவில் ‘அ’வின் சுழி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, கோட்டின் தடிமனை நான்கைந்து முறை குறைத்துப் பார்த்தேன். இப்போது டெபியனின் சிவப்புச் சுருளுக்குப் பக்கத்தில் அது பளிச்சென்று நிற்கிறது. “அம்மா, இதில் எதை அமுக்கணும்?” என்று மகள் கேட்பதும் நின்றுவிட்டது.

அவளுக்காக இன்னொன்றும் செய்தேன். எதையும் தொடாமல் விட்டால் எது ஏற வேண்டும் என்பதற்கு அமைப்புக் கோப்பில் ஒரு வரி உண்டு. அதன் கடைசியில் இரண்டு நேரங்களைக் கொடுத்தால், அந்த நேரத்துக்குள் மட்டும் அந்தத் தேர்வு செல்லும். பகலில் டெபியன், மாலை 6 மணியிலிருந்து இரவு 11 வரை விண்டோஸ் 11 என்று வைத்திருக்கிறேன். இங்கே கவனிக்க வேண்டியது, ரீஃபைண்ட் பார்ப்பது மதர்போர்டின் கடிகாரத்தை. லினக்ஸ் அந்தக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கும். சிங்கப்பூர் 1982 தொடக்கத்தில் பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால் என்று மாறியதிலிருந்து நமக்கு அந்த வித்தியாசம் சரியாக 8. இரண்டும் மாறி மாறி ஓடும் கணினியில் கடிகாரம் 8 மணி நேரம் முன்னும் பின்னும் தாவுவதற்கு இதுதான் காரணம். பேட்டரி போய்விட்டது என்று பலர் பேட்டரியை மாற்றுகிறார்கள். கோடைக்கால நேர மாற்றம் நமக்குக் கிடையாது என்பதால் எந்தப் பக்கம் ஒத்துப்போனாலும் சரிதான். நான் இரண்டு விண்டோஸிலும் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புப் பதிவேட்டில் ஒரு மதிப்பைச் சேர்த்து, பொது நேரத்தைப் படிக்கச் செய்தேன். ஏனென்றால் புதிதாக எந்த லினக்ஸ் போட்டாலும் அது அப்படித்தான் எதிர்பார்க்கும். அதனால் ரீஃபைண்டின் வரியில் 18:00, 23:00 என்று எழுதாமல் 10:00, 15:00 என்று எழுதியிருக்கிறேன்.

செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் வேலை சுலபம் என்று நிறைய இடங்களில் எழுதியிருப்பார்கள். நிரந்தரமாக அணைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அடுத்தவர்களின் கையெழுத்துப் பிரதிகள் இருக்கும் கணினி இது. ரீஃபைண்டுக்கு மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் கிடையாது. அதற்கு வழி ஷிம், முதலில் ஏறி அடுத்த நிரலைச் சரிபார்த்து ஏற்றும் ஒரு சிறு நிரல். டெபியன் தரும் ஷிம்முக்கு அந்தக் கையொப்பம் உண்டு. ரீஃபைண்டின் நிறுவு நிரலிடம் ஷிம்மோடு சேர்த்து நிறுவு, உள்ளூர்ச் சாவி ஒன்று செய்து கையொப்பமிடு என்று இரண்டு தெரிவுகளைக் கொடுத்தால் அதுவே செய்துவிடும். முதல் தடவை எழும்போது சரிபார்ப்புத் தோல்வி என்று ஒரு பெட்டி வரும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் வரும். சரி என்றதும் நீலத் திரையில் ஏதாவது விசையைத் தட்டச் சொல்லி 10 நொடி எண்ணும். அந்த 10 நொடிக்குள் தட்டிவிட வேண்டும். பிறகு வட்டிலிருந்து சாவி சேர்க்கும் வரியைத் தேர்ந்து, ரீஃபைண்ட் கோப்புறைக்குள் இருக்கும் சாவிகள் கோப்புறைக்குப் போய், உள்ளூர்ச் சாவியைக் காட்டினால் முடிந்தது. ஃபெடோராவின் கெர்னலில் இருப்பது ஃபெடோராவின் கையொப்பம், டெபியனின் ஷிம்முக்கு அது தெரியாது. அதன் சாவியையும் இதேபோல் சேர்க்கலாம். நான் ஃபெடோராவின் சொந்த ஷிம்மையே மெனுவில் விட்டுவிட்டேன்.

ஷிம்மைப் பழையதாக விட்டுவைக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, ஓட்டை உள்ள பழைய ஷிம்களைச் செல்லாதவை ஆக்கியது. இரண்டு இயங்குதளம் வைத்திருந்த பலரின் லினக்ஸ் மறுநாள் எழவில்லை. எந்த பூட் மேனேஜர் வைத்திருந்தாலும் ஷிம் நடுவில் இருந்தால் இது பொருந்தும்.

விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கணினிக்கு வெளியே எழுதி வைத்துக்கொண்டு பிறகு தொடங்குங்கள். கணினி எழும் வழி மாறினால் அது சாவி கேட்கும், கேட்பதுதான் அதன் வேலை. மாற்றுவதற்கு முன் விண்டோஸில் தற்காலிகமாக நிறுத்திவைத்து, புதிய வழியாக உள்ளே வந்த பிறகு மறுபடி இயக்கினால் பொதுவாக ஒத்துக்கொண்டுவிடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக மூடாது, லினக்ஸிலிருந்து அந்த வட்டில் எழுதவும் முடியாது.

முடிந்தால் விண்டோஸ்களைத் தனித்தனி வட்டில் போடுங்கள். விண்டோஸ் 10க்காகவே சிம் லிம் ஸ்கொயரில் ஒரு சிறிய சாட்டா எஸ்எஸ்டி வாங்கினேன். நிறுவும்போது மற்ற வட்டுகளின் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிறுவினேன். கழற்றாவிட்டால் நிறுவி, ஏற்கனவே இருக்கும் இஎஸ்பியைப் பார்த்து அங்கேயே தன் துவக்கக் கோப்புகளை வைத்துவிடும். அப்புறம் ஒரு வட்டைக் கழற்றினால் இரண்டும் படுத்துவிடும். இப்போது அந்த எஸ்எஸ்டியை அப்படியே உருவி வேறு கணினியில் மாட்டினாலும் அதனிடம் தன்னுடைய இஎஸ்பி இருக்கிறது.

இயங்குதளம் ஒன்றைப் புதிதாக நிறுவினால் அது மதர்போர்டின் வரிசையில் தன்னை முதலாவதாக எழுதிக்கொள்ளும். ரீஃபைண்ட் காணாமல் போய்விட்டதே என்று பதற வேண்டாம், அது இஎஸ்பியில் இருந்த இடத்திலேயே இருக்கும். பயாஸ் திரைக்குப் போய் அதை மேலே ஏற்றினால் போதும். ரீஃபைண்டுக்கு விண்டோஸின் துவக்கக் கோப்பின் பெயரைச் சூட்டி ஏமாற்றும் வழி ஒன்றைச் சிலர் சொல்வார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள், அடுத்த புதுப்பிப்பில் அந்தக் கோப்பு மறுபடி எழுதப்படும்.

இவ்வளவு சொன்னாலும், ஜூரோங்கில் இருக்கும் என் அண்ணன் மகன், “அத்தை, எனக்கும் ரீஃபைண்ட் போட்டுக்கொடுங்க” என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் போட்டுக்கொடுக்கவில்லை. அவனிடம் இருப்பது விண்டோஸ் 11உம் உபுண்டு லினக்ஸும் மட்டும். உபுண்டுவின் கிரப் இரண்டையும் சரியாகக் காட்டுகிறது, செக்யூர் பூட்டும் ஓடுகிறது, நகலெடுத்த கெர்னல் வரி ஒன்றுகூட அதில் இல்லை. காத்திருக்கும் நேரத்தை மட்டும் 5 நொடியாகக் குறைத்து, பிட்லாக்கர் சாவியை ஒரு தாளில் எழுதச் சொல்லி அனுப்பிவைத்தேன். மூன்றாவதாக ஒன்று போடுகிற அன்றைக்கு வரட்டும்.